லெஃப்ட் பேக் இடத்தில் பன்னிரண்டாவது காந்தம்

தேசிய கால்பந்து அணியின் பயிற்சியாளர், ஆளுக்கு ஒன்றாகப் பலகையில் வைத்திருந்தவை பதினொரு காந்தங்கள்தான். முந்தின நாள் மாலை, உதவிப் பயிற்சியாளரின் நச்சரிப்பு தாங்காமல், பின்வரிசையில் இடப்பக்கம் காக்கும் லெஃப்ட் பேக்குக்கான காந்தத்தை முன்வரிசைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். காலையில் அறையைத் திறந்தால் பன்னிரண்டு!

பன்னிரண்டாவதற்கு எண் இல்லை. ஓரம் தேய்ந்து, சேற்று நிறத்தில், லெஃப்ட் பேக் விட்டுப்போன காலி இடத்தில் அட்டைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். மறுநாள் அதே இடத்தில் இருந்தது. ஜன்னல் வழியே வீசினார். தெருவைத் தாண்டி, பக்கத்து ஊர் எல்லையில் விழுந்திருக்கும். அதற்கு மறுநாளும் அதே இடம்.

"யாரு வேலை இது?"

"சத்தியமா நான் இல்ல சார். பதினோரு பேரை மேய்க்கவே எனக்கு நாக்கு தள்ளுது" என்றார் உதவியாளர்.

ஆட்டத்துக்கு ஒரு நாள்தான் பாக்கி. ஜெயித்தால் உலகக் கோப்பைக்குத் தகுதி. டிரா செய்தாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"அவங்க பின்னாடி நாலு பேரு சார். நம்ம லெஃப்ட் பேக்கும் மேல போனா முன்னாடி நாம அஞ்சு பேரு. அகலமா விரிஞ்சு நின்னா ஒருத்தன் எப்பவும் ஆளில்லாம நிப்பான். பந்து அவனுக்கு. கோலு தானா வரும்."

"பின்னாடி காலியாகுமே?"

"ஆகட்டுமே. வீடா கட்டிடப் போறாங்க?"

பயிற்சியாளர் எண்ணில்லாத அந்தக் காந்தத்தைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன், நாளை ஆடப்போகும் இதே மைதானத்தில், லெஃப்ட் பேக்காக ஆடியவர் அவரேதான். கோல் ஆசையில், யாரும் சொல்லாமலே, இடத்தைப் போட்டுவிட்டு மேலே ஓடினார். அந்தக் காலியிடத்தையும் சேர்த்துக் காத்தவன் பின்வரிசை நடுவில் நின்ற அவருடைய மச்சான். பட்டப்பெயர் தாழ்ப்பாள், கொசு கடந்துபோகவும் அவனிடம் அனுமதி வாங்க வேண்டும். இருபது நிமிடம் இரண்டு ஆளாக ஓடினான். பிறகு மார்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் புல்லிலேயே படுத்தான். எழவில்லை. அதற்குப் பிறகு இவர் பயிற்றுவித்த எந்த லெஃப்ட் பேக்கும் நடுக்கோட்டைத் தாண்டியதில்லை.

வீட்டில், தாழ்ப்பாளின் தங்கையான மனைவியிடம் மெல்லச் சொன்னார். "உங்கண்ணன் வந்திருக்கான். என்னைக் குத்திக் காட்டுறான்."

"எங்கண்ணனா? கோவம்னா அந்தப் பலகையவே உங்க தலையில போட்டிருப்பாரு. குத்திக் காட்டுற பொறுமை அவருக்கேது?" என்று சிரித்தார். சிரித்தபடியே ஒரே துண்டை மூன்று முறை மடித்தார்.

மறுநாள் பிற்பகல். எண்பது நிமிடம் ஆடியும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

"சார், இப்ப அவனை மேல அனுப்பலேன்னா நம்மள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க!"

பயிற்சியாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை முன்னே வீசினார். லெஃப்ட் பேக் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாய்ப் பாய்ந்தான். உடனே பந்து பறிபோனது. எதிரணியில் ஓரமாக ஓடித் தாக்கும் விங்கர், கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகப்பட வைக்கிறவன், காலியிடத்தில் புகுந்தான். அவனுக்கு முன்னால் வெறும் புல். நாற்பதாயிரம் பேரும் ஒன்றாக மூச்சை விட்டிருந்தால் கூரை பறந்திருக்கும், யாரும் விடவில்லை.

பாதி வழியில் விங்கர் தயங்கினான். வலப்பக்கம் ஏய்த்தான். இடப்பக்கம் ஏய்த்தான். யாரை? முகம் வெளுத்து, பந்தைப் பின்னால் தட்டினான். அது நம் ஆளின் காலுக்கே வந்தது. அந்தக் காலிப் புல்லில் யாரோ மூச்சிரைக்கும் சத்தம் பயிற்சியாளருக்கு மட்டும் கேட்டது.

பந்து மேலே பறந்தது. அங்கே ஐந்து பேர், எதிரே நாலு பேர். ஆளில்லாமல் நின்ற லெஃப்ட் பேக் ஓங்கி உதைத்தான். வலை குலுங்கியது.

ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் எல்லாரும் அந்தக் கோல் பக்கம் ஓடினார்கள். பயிற்சியாளர் எதிர்த்திசையில் நடந்தார். சுள்ளென்ற வெயிலிலும் அந்த இடத்துப் புல் சில்லென்றிருந்தது. முப்பத்தொரு வருஷமாக, தான் விட்டுப்போன வேலையை மச்சான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மச்சான், போதும்டா. ஒரு தடவையாவது நீ மேல போய் அடிச்சுட்டு வா. இங்க நான் நிக்கிறேன்."

கோட்டும் டையுமாகக் காலை அகட்டி நின்றார். அரங்கு காலியானது. புல்லுக்குத் தண்ணீர் விடுபவர் குழாயோடு வந்தார்.

"சார், கொஞ்சம் நகருங்க."

"இருப்பா. எங்காளு மேல போயிருக்கான். திரும்பி வரட்டும்."

ஆளில்லாத அந்தக் கோடியில் 'தொம்' என்று பந்து உதைபடும் சத்தம் கேட்டது. குழாய்க்காரர் எடுத்த ஓட்டத்துக்கு, அவரையே விங்கராகப் போட்டிருக்கலாம். பயிற்சியாளர் மட்டும் இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.