பார்க்காமல் போட்ட கையெழுத்து

"அக்கா, வள்ளியம்மை நீங்கதானே? மீட்டர் பெட்டிக்குள்ள ஒட்டியிருக்கிற தாள்ல உங்க நம்பர் இருக்கு. கீசர் போட்டா குழாயெல்லாம் சுர்ருனு ஷாக் அடிக்குது."

போனில் பேசியவள் ஸ்ம்ருதி, டெல்லி முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தமிழ் மாணவி. வள்ளியம்மை எலக்ட்ரீஷியன். அந்தக் கட்டடத்தை அவள் பார்த்ததே கிடையாது. போன வாரம் காண்ட்ராக்டர் பாலசுப்ரமணியம் ஐந்து கட்டடங்களின் வயரிங் சோதனை அறிக்கைகளை நீட்டினார்; அதில் இதுவும் ஒன்று. 'லைசென்ஸ் பெற்ற மேற்பார்வையாளர்' என்றிருந்த இடத்தில், நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"யாரும் பாத்ரூம் பக்கம் போகாதீங்கம்மா. இதோ வந்துட்டேன்."

போய்ப் பெட்டியைத் திறந்தாள். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் வயர் சுவருக்குள் இரண்டடி போய் அறுந்து நின்றது. வெளியே அதற்கான குழியே தோண்டவில்லை. ஃப்யூசைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பாலசுப்ரமணியத்தை அழைத்தாள்.

"ஃப்யூசை மாட்டிட்டு வா வள்ளி. அடுத்த வாரம் தோண்டிக்கலாம்."

"அதுக்குள்ள ஒரு பிள்ளை செத்துப்போச்சுன்னா, சார்?"

"கையெழுத்து உன்னோடது. நான் சொல்லித்தான் போட்டேன்னு நீ சொன்னா எவன் நம்புவான்?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தியில் எழுத வேண்டிய தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை வாங்கிய லைசென்ஸ். கணவன் இறந்தபிறகு வீட்டில் உலை கொதித்தது அதனால்தான்.

மதியம் மின் ஆய்வாளர் அலுவலகத்தில், ஐந்து விலாசங்களையும் எழுதி, 'நான் எதையும் பார்க்காமல் கையெழுத்திட்டேன்' என்று மனுக் கொடுத்தாள். படித்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். இதை வாங்கினால் முதலில் போவது உங்கள் லைசென்ஸ்தான் என்றார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று லைசென்ஸையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். மற்ற நான்கையும் எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு, இரண்டு நாளாகும் என்றார்.

இரண்டு நாள்! எத்தனை பேர் குளிப்பார்கள்?

அவளே ஓடினாள். முதல் இரண்டு கட்டடங்களிலும் சொன்னதைக் கேட்டு மெயின் சுவிட்சை அணைத்தார்கள். மூன்றாவதில் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. எலக்ட்ரீஷியன் என்றால் லைசென்ஸைக் காட்டு என்றான். வெறும் கையை விரித்தாள். கேட்டை மூடிவிட்டான்.

தெருவில் நின்று மாடியைப் பார்த்து இந்தியில் கத்தினாள்: கீசர் போடாதீர்கள், குழாயைத் தொடாதீர்கள். காவலாளி தோளைப் பிடித்துத் தள்ளினான். ஒரு ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது. அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். மூன்றாம் மாடியில் ஈரத்தலையோடு ஒருத்தி எட்டிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டாள்.