கேசட்டில் இருந்த இடி

அந்த ஸ்டுடியோவுக்குள் தெருச்சத்தம் நுழையாது என்பதில் டாக்டருக்குத் தனிப் பெருமை. மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு கட்டிய சுவர் என்று வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டுவார். கீழ்த்தளத்தில் மெத்தைக் கடை இருக்கிறது, கூரை முட்ட அடுக்கிய நானூறு மெத்தைகள்தாம் அந்தச் சத்தத்தை விழுங்குகின்றன என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்ல. ஒலிப்பதிவு செய்கிறவர். டிரம்மை ஒரு தட்டுத் தட்டி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, உதட்டைப் பிதுக்குவார். பிறகு நோயாளியின் வீட்டாரைப் பார்ப்பதுபோல் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். அப்படி வந்த பெயர்.

"உடம்பு இல்ல," என்றார் அன்று காலை.

டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சின்னு தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். ஐம்பத்து மூன்று வயதாகிறது. அவளிடம் உடம்பு இல்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"உங்களுக்கு இல்ல மேடம், சத்தத்துக்கு. உடம்பும் இல்ல, காத்தும் பத்தல. கொஞ்சம் ஈரமா வேற இருக்கு."

"காயப் போட்டுடலாமா?" என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. அண்ணன் முறைத்திருக்க வேண்டும். குரல் பட்டென்று நின்றது.

அண்ணன் அடுத்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். குடிநீர் அலுவலகத்தில் இரண்டாவது பெரிய நாற்காலி அவருடையது. அதில் உட்கார்ந்திருந்த ஒன்பது வருடத்தில், முதல் நாற்காலியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பிரிவு விழாவில் மாலை போடுவார்கள், நாலு பேர் பேசுவார்கள், பிறகு அவருடைய பாட்டு ஒலிக்க வேண்டும். அதுதான் திட்டம்.

பாட்டு பழையது. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன், அவர் கிட்டார், தங்கை சின்னு டிரம், சின்னுவின் கல்லூரித் தோழி பாட்டு என்று மூன்று பேர் சேர்ந்து வீட்டு அறையில் ஒரே ஒரு கேசட்டில் பதிந்தது. தோழி பிறகு அண்ணியாகிவிட்டாள். கேசட் அப்படியே கேசட்டாக இருந்து தேய்ந்தது. அந்தப் பாட்டைக் கேட்காமல் அண்ணன் வீட்டில் யாரும் காபியைக் குடித்து முடித்ததில்லை. இப்போது அண்ணியின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. டிரம் மட்டும் அப்படியே இருந்தது. தும், தும் என்று வயிற்றுக்குள் இறங்கும் ஒரு சத்தம். கேட்கிற எவரும் முதலில் கேட்பது, "டிரம் யாரு?" என்றுதான்.

அதற்கு அண்ணனிடம் ஒரு கதை உண்டு. "அடிடீன்னு சொன்னேன். அடிச்சா பாருங்க, சுவத்துல இருந்த காலண்டர் கீழ விழுந்துடுச்சு!" இது முதல் வருடத்துக் கதை. பிறகு கடிகாரம் விழுந்தது. பிறகு காரை உதிர்ந்தது. போன வருடம் சுவரிலேயே விரிசல் விட்டுவிட்டது. சின்னு ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். நல்ல கதை, யாருக்கும் நஷ்டமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தாள். நாளாக ஆக அவளே அதை நம்பவும் தொடங்கியிருந்தாள்.

அவள் வாழ்க்கையில் மற்றபடி பெரிய சத்தம் ஒன்றுமில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கற்கிறவர் பக்கம் எல்லாமும் இருக்கும். இவள் காலடியில் ஒரே ஒரு பிரேக். இருபத்திரண்டு வருடமாக அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, பிறர் திடுக்கிடும்போது தான் திடுக்கிடாமல் உட்கார்ந்திருக்கும் வேலை. பழைய பாட்டைப் புதிதாகப் பதிய டிரம் அடிக்கக் கூப்பிட்டபோது இரண்டு மாதம் தலையணையில் அடித்துப் பழகினாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் பதினான்கு மைக் வைத்திருந்தார். பெரிய டிரம்முக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஸ்னேர் என்கிற சின்ன டிரம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலிருப்பதும் கீழிருப்பதும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்று சொல்லி, ஒரு விரற்கடை நகர்த்தினார். பிறகு அரை விரற்கடை திரும்பக் கொண்டுவந்தார். மூலையில் சுவரைப் பார்த்தபடி ஒரு மைக் நின்றது. அது என்ன தப்புச் செய்தது என்று சின்னுவுக்குத் தோன்றியது, கேட்கவில்லை.

"இன்னும் பலமா மேடம்!"

"சின்னு, அடிடீ! சுவரு விழணும்!" என்றார் அண்ணன்.

அடித்தாள். பதினொரு மணிக்கு மணிக்கட்டு வீங்கியது. விசித்திரம் என்னவென்றால், அடி பலமாக ஆக ஆகச் சத்தம் மெலிந்துகொண்டே போனது. ஓங்கி அடித்ததில் டிரம்மின் தோல் மூச்சுத் திணறி, டப் டப் என்று தகர டப்பாபோல் ஆனது. சிம்பல் என்கிற பித்தளைத் தட்டின் ஓசை பதினான்கு மைக்கிலும் புகுந்து சலசலத்தது. டாக்டர் தன் மேசைமுன் உட்கார்ந்து ஒரு குமிழைப் பிடித்தார். மயிரிழை, மயிரிழையாகத் திருகினார்.

"இப்ப?"

"கொஞ்சம் வருது," என்றார் அண்ணன்.

"இப்ப?"

"ஆங்... வந்துடுச்சு! இப்ப உடம்பு வந்துடுச்சு!"

"கொஞ்சம் அதிகமாயிடுச்சோ?"

"ஆமா ஆமா, ஒரு நூல் கம்மி பண்ணுங்க."

இருபது நிமிடம் இந்த வைத்தியம் நடந்தது. அண்ணி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"மத்த குமிழுக்கெல்லாம் பக்கத்துல பச்சை லைட் எரியுதே. இதுக்கு எரிய வேண்டாமா?"

டாக்டர் பார்த்தார். அந்தக் குமிழின் பொத்தானே அழுத்தப்படவில்லை. இருபது நிமிடம் அது எதனோடும் சேராமல், திருகினால் திரும்பிக்கொண்டு, மேசைக்கு அலங்காரமாக இருந்திருக்கிறது.

"முதல்ல காதைத் தயார் பண்ணணும்ல மேடம்," என்றார் டாக்டர்.

வந்துவிட்ட உடம்பைக் கண்ணாரக் கண்ட அண்ணன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

மணி ஒன்று. இரண்டு மணிக்கு வேறொரு கூட்டம் வருகிறது. டாக்டர் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சார். என்கிட்ட ரெடிமேட் டிரம் இருக்கு. பெரிய ஆளு அடிச்சது. மேடம் அடிச்ச ஒவ்வொரு அடியையும் எடுத்துட்டு, அந்த இடத்துல அவர் அடிய வச்சுடுவேன். நேரம் மேடத்தோடது, சத்தம் அவரோடது."

"அப்ப பாட்டுல நான் எங்க இருப்பேன்?" என்றாள் சின்னு.

டாக்டர் யோசித்தார். "நேரத்துல இருப்பீங்க."

"நாலு பெரிய மனுஷங்க கேக்கற இடம் சின்னு," என்றார் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல். "வயசாயிடுச்சு, கையில பழைய பலம் இல்ல. அதுல என்ன வெட்கம்?"

சின்னு டிரம் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு அவர்கள் அறைக்கு வந்தாள். கார் கற்கிறவர்கள் எத்தனையோ பேர் அவளிடம் அழுதிருக்கிறார்கள். அவள் யாரிடமும் அழுததில்லை. "அண்ணன் கொண்டாந்த அந்தக் கேசட்டை ஒரு தடவை இதுல போடுங்க," என்றாள். "எப்படி அடிச்சேன்னு கேட்டுட்டுப் போறேன். அப்புறம் யாரை வேணா வச்சுக்கோங்க."

வீட்டு டேப்பில் மட்டுமே கேட்ட பாட்டு முதல்முறையாக ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகளில் ஒலித்தது. தும், தும். அண்ணன் தலையாட்டினார். "பாத்தீங்களா, இடி!"

இரண்டு அடிக்கு நடுவில், வீட்டு டேப்பில் கேட்டே இராத வேறொன்றும் கேட்டது. கர்ர்... இழுத்து, நின்று, மறுபடி கர்ர்...

"கேசட் இரைச்சல்," என்றார் டாக்டர். "ரெண்டு நிமிஷத்துல சுத்தமாத் துடைச்சுடறேன்."

"தொடாதீங்க!" என்றாள் சின்னு. டாக்டர் கையை எடுத்துவிட்டார். "அண்ணா, என்னன்னு தெரியலையா?"

அண்ணன் கேட்டார். வாய் மெல்லத் திறந்தது.

அது அப்பாவின் குறட்டை.

இரவு ஷிப்ட் முடித்து வந்து, பகலெல்லாம் அடுத்த அறையில் தூங்கிய அப்பா. எழுப்பினால் திட்டமாட்டார், எழுந்து உட்கார்ந்து, சிவந்த கண்ணோடு, "வாசிங்க வாசிங்க" என்பார். அதனாலேயே எழுப்ப முடியாது. அவருக்கு விடுமுறை வருகிறவரை காத்திருக்கவும் முடியாது. டேப்ரெக்கார்டர் இரவல், சாயங்காலம் திருப்பித் தர வேண்டும். சின்னு டிரம்முக்குள் போர்வையைத் திணித்து, ஸ்னேர்மேல் கைக்குட்டையை விரித்து, டேப்பைத் தலையணையில் ஏற்றி முட்டி உயரத்தில் வைத்து, குச்சியை இரண்டங்குலத்துக்கு மேல் தூக்காமல் அடித்தாள். தட்டியது என்றுகூடச் சொல்ல முடியாது. குச்சியைத் தோல்மேல் விழ விட்டாள், அவ்வளவுதான். பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டிருந்த டேப்பின் சின்ன மைக் அதை இடியாக்கிக்கொண்டது.

"காலண்டர் விழுந்துச்சே..." என்றார் அண்ணன்.

"இடி அடிச்சா குறட்டை எப்படிண்ணா கேக்கும்? நீயும்தான் அங்க இருந்த. வாய்மேல விரல வச்சுக்கிட்டு, எனக்கும் இவளுக்கும் சைகை காட்டிக்கிட்டு."

அண்ணனுக்கு நினைவிருந்தது அறை அல்ல. முப்பத்திரண்டு வருடமாகக் கேட்ட கேசட்தான் நினைவிருந்தது.

"நானும் கிசுகிசுன்னுதான் பாடினேன்," என்றாள் அண்ணி, ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு. "மாமா எந்திரிச்சுடுவாரோன்னு பயம். இவர் என்னடான்னா, அந்தக் குரல் தனக்காகன்னு நெனச்சுட்டு மறுநாளே லெட்டர் குடுத்துட்டார்."

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?"

"நல்ல வேலைல இருந்தீங்க. நானும் விட்டுட்டேன்."

அண்ணன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் பெட்டியருகே போய்க் குனிந்து, அந்தக் கர்ர் மறுபடி வருகிறவரை அப்படியே நின்றார். பிறகு கிட்டாரை எடுத்தார்.

"மூணு பேரும் ஒரே அறையில," என்றார் டாக்டரிடம். "மைக் ஒண்ணு போதும்."

"ஒண்ணா?" டாக்டரின் குரல் உடைந்தது. "சார், மத்த பதிமூணு?"

"சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கட்டும்," என்றாள் அண்ணி.

சின்னு தோலைத் தளர்த்தினாள். கைக்குட்டையை விரித்தாள். டாக்டர் மனமில்லாமல் தன் குளிர் தாங்கும் கோட்டைக் கழற்றிப் பெரிய டிரம்முக்குள் திணிக்கக் கொடுத்தார். மெதுவாக அடிப்பது லேசில்லை. காலையெல்லாம் ஓங்கிய கை தானாக உயர்ந்தது. பாதி தூரத்தில் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. முதல் தடவை தாளம் தள்ளாடியது. இரண்டாவது தடவை, பக்கத்து அறையில் ஒருவர் களைத்துத் தூங்குகிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். குச்சி விழுந்தது. தும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் உதட்டைப் பிதுக்கப் போனவர், பாதியில் மறந்துவிட்டார். கை வழக்கம்போல் ஒரு குமிழைத் தேடிப் போய், செய்ய ஒன்றுமில்லாமல் மடிக்குத் திரும்பியது.

பாட்டு முடிந்தது. கடைசி அடி அறையில் மெல்ல அடங்கியது. மூன்று பேரும் அசையவில்லை. அண்ணன் கிட்டார் கம்பிகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடப்பக்கச் சுவரை நோக்கிக் காதைச் சாய்த்திருந்தார். அண்ணியும் அப்படியே. சின்னு மூச்சைப் பிடித்திருந்தாள். அன்றும் பாட்டு முடிந்ததும் இப்படித்தான் கேட்டார்கள். குறட்டை தொடர்ந்தால் தப்பித்தார்கள் என்று அர்த்தம்.

தன் சுவரில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து, டாக்டரும் எழுந்து வந்து அதில் காதை வைத்தார்.

"இதுல ஒரு அடியைக்கூட மாத்த வேண்டாம் மேடம்," என்றார் தாழ்ந்த குரலில். "ஆனா இங்க என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல," என்றார் அண்ணன், கிசுகிசுப்பாக.

"சத்தமாப் பேசலாம்ணா," என்றாள் சின்னு. அவளும் அதைக் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள்.