ஐந்தாம் வரிக்குக் கீழே

விசாரணை அறையில் ஒரே மெயிலின் மூன்று தாள்கள் இருந்தன. ஒன்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெரியவர் கையில். ஒன்று பிஸ்கட் ஆலையின் மேனேஜர் முன்னால். மூன்றாவது சல்லடை முன்னால். லேபில் மாவைச் சோதிக்கிற பெண்மணிக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர்தான் சல்லடை. பதினாறு வருஷமாக அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு வண்டு வெளியே போனதில்லை என்பார்கள். இப்போது போயிருந்தது. ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பிய பெட்டியில், பிஸ்கட்டோடு பிஸ்கட்டாக வெந்த புழு. பிட்டுப் பார்த்த நர்ஸ் அங்கேயே வாந்தி எடுத்தாளாம்.

அனுப்பச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி. சல்லடைதான் என்று முடிவானால் வேலை போவதோடு நிற்காது. இனி எந்த லேபிலும் அவள் கையெழுத்து செல்லாது.

மெயிலை அனுப்பியவர் என்று அவள் பதவிதான் மேலே இருந்தது. அடியில் ஐந்து வரிகள்.

இந்த லாட் பிஸ்கட்டில் புழு இருந்தாலும் அடுப்புச் சூட்டில் செத்திருக்கும்.
செத்தாலும் புழு புழுதான்.
உடைந்ததைப் பொறுக்கிவிட்டுப் பெட்டி கட்டினால் வெளியே தெரியாது.
தெரியாது என்பது ஒரு காரணமா?
லாரி நிற்கிறது. ஐந்தரைக்குள் மறுப்பு வராவிட்டால் அனுப்பிவிடுவேன்.

“என்னம்மா இது, உங்களுக்கு நீங்களே பேசிக்கிறீங்களா? புழுன்னு சொல்றீங்க, கடைசியில அனுப்புறேங்கறீங்க” என்றார் பெரியவர்.

“ஒண்ணு, மூணு, அஞ்சு மேனேஜர் எழுதினது சார். ரெண்டும் நாலும்தான் என்னோடது. அவர் மெயிலுக்குள்ளயே, அந்தந்த வரிக்குக் கீழ சிவப்புல பதில் போட்டேன். இங்க எல்லாரும் அப்படித்தான்.”

“சிவப்பு எங்கம்மா இருக்கு?”

எங்கே இருக்கும்? அந்த ஆலையில் மெயில் என்றால் அச்செடுத்துக் கோப்பில் குத்தினால்தான் மெயில். இருப்பதோ கறுப்பு மை பிரிண்டர் ஒன்று. அடுத்தவர் பேச்சுக்கு ஒரு மேற்கோள் குறி, ஓரத்தில் ஒரு கோடு, ஒன்றும் கிடையாது. ‘என் பதில் சிவப்பில்’ என்று மேலே ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். நிறமே போதும் என்று சல்லடையும் இருந்துவிட்டாள். சஸ்பெண்ட் செய்த அன்றைக்கே அவளுடைய மெயில் கணக்கையும் மூடிவிட்டார்கள்.

“மேனேஜர் சாரோட மெயில்ல இருக்கும். திறந்து காட்டச் சொல்லுங்க.”

மேனேஜர் தன் தாளின் மூலையைக் கிழித்து, சுருட்டி, காது குடைந்துகொண்டிருந்தார். “பழசெல்லாம் அழிச்சிடுவேன் சார். யார் எந்த வரி எழுதினோம்னு சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல” என்றார். சொல்லிவிட்டுக் காதிலிருந்து வந்ததைப் பார்த்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைச் சல்லடை பார்த்திருக்கிறாள். இவர் அதை மறைத்த இலையிலேயே உட்கார்ந்து சாப்பிடவும் செய்வார். பத்து வருஷத்துக்கு முந்தைய சண்டையில் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிற மனுஷனுக்கு, தன் கை தட்டிய மூன்று வரி ஞாபகம் இல்லையாம்.

பெரியவர் தாளைத் தள்ளிப் பிடித்தார். “பிரிண்டைக்கூட ஒழுங்கா எடுக்கல. நடுநடுவுல மங்கிக் கிடக்கு. மை தீர்ந்துபோச்சா?”

சல்லடை தன் தாளைப் பார்த்தாள். எல்லாம் அட்டைக் கறுப்பு. எழுந்தே விட்டாள். “எந்த வரி சார் மங்கல்?”

“ரெண்டாவது.” விரலை இறக்கினார். “அப்புறம் நாலாவது.”

கோப்பு குமாஸ்தாவைக் கூப்பிட்டார்கள். முதல் பிரிண்ட் மங்கலாக இருந்ததால் கருமையைக் கூட்டிவைத்து இரண்டு ஜெராக்ஸ் எடுத்ததாகவும், பெரியவர் கையில் இருப்பதுதான் அந்த முதல் பிரிண்ட் என்றும் குமாஸ்தா சொன்னார். சிவப்பு எழுத்தைக் கறுப்பு மெஷின் சாம்பலாகத்தான் அடிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

“அட, ஆமா!” என்றார் மேனேஜர். “இப்பத்தான் ஞாபகம் வருது.” சிரிக்கவும் செய்தார். “ஆனா சார், அஞ்சாவதுக்குக் கீழ மேடம் ஒண்ணும் போடலையே. மௌனம் சம்மதம்தானே? அஞ்சரை வரைக்கும் பார்த்துட்டுத்தான் அனுப்பினேன்.”

தூ என்று துப்ப வந்தது அவளுக்கு. துப்புவதற்கு முன் தாளைப் பார்த்தாள். ஐந்தாம் வரிக்குக் கீழே வெறும் வெள்ளை.

அன்று மணி ஐந்தே கால். நாலாவது வரியைத் தட்டிவிட்டு, நல்லா நறுக்கென்று கேட்டோம் என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு பையை எடுத்தாள். ஆலை கேட்டில் அந்த லாரியைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனாள். தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லியாச்சு, இனி அவர் பாடு என்று நினைத்தாள். ‘நிறுத்துங்கள்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. இவ்வளவு நேரம் மேனேஜரைக் கண்டு வந்த அருவருப்பு இப்போது தன் மேலேயே திரும்பியது.

பெரியவருக்குப் பசி. “யாருக்கும் சங்கடம் வேணாம்” என்றார். “அறிக்கையில முதல் நாலு வரியை மட்டும் எடுத்துப் போடுறேன். தகவல் குழப்பம்னு முடிச்சிடலாம். இனிமே மெயில்ல கலர் போடக்கூடாதுன்னு ஒரு சுற்றறிக்கை விட்டா ஆச்சு.”

அப்படியானால் அனுப்பியது யார் என்பதே இருக்காது. புழு தானாகவே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்.

“ரொம்ப நல்லது சார்” என்றார் மேனேஜர். “மேடம் நாளைக்கே வேலைக்கு வந்துடட்டும்.” அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கூட்டாளியைப் பார்க்கிற பார்வை. அது அவள் மேல் ஈரமாக ஒட்டிக்கொண்டது.

“அஞ்சாவது வரியை வெட்டாதீங்க சார்” என்றாள் சல்லடை. “அவர் எழுதினதுன்னு போடுங்க.”

“போட்டா நீங்க தடுக்கலைங்கறதும் தெரியுமேம்மா. உங்க கையெழுத்துக்கு ஆபத்து.”

“தெரியட்டும். அதுக்குக் கீழ நான் ஒண்ணும் எழுதல. அதையும் என் பேர்லயே எழுதிக்கங்க.”

பெரியவர் பேனாவை ஏற்கெனவே மூடியிருந்தார். மறுபடி மூடியைத் திறந்தார்.