ஒன்பதாம் மரத்துக்கு ஜாமீன்

காசில்டாவின் கொல்லையில் எட்டு அவகேடோ மரங்கள் காய்த்தன. எல்லாம் அவளே பழத்தைத் தின்று, கொட்டையை நட்டு வளர்த்தவை. ஒட்டுக்கன்று தாயைப் போலவே காய்க்கும். கொட்டையில் முளைப்பது தன் இஷ்டத்துக்குக் காய்க்கும். அந்த இஷ்டம் என்னவென்று பார்க்கத்தான் அவளுக்கு ஆசை. குண்டாகப் பளபளத்துக் காய்த்ததற்குப் 'பாதிரியார்' என்று பெயர் வைத்தாள். வெளியே வழவழப்பு, உள்ளே முழுக்க நார் என்று இருந்தது 'மாமியார்'.

ஒன்பதாவது மரத்துக்குப் பெயர் இல்லை. பதினோரு வருடமாக அது காய்க்கவே இல்லை.

அந்த இடத்தில் தன் வண்டிக்குக் கொட்டகை போட வேண்டும் என்று அவள் கணவன் எலிசேயோவுக்கு நெடுநாள் ஆசை. "சான் யுவான் திருநாள்ல மிரட்டிப் பார்ப்போம். அடுத்த சான் யுவானுக்குள்ள காய்க்கலேன்னா வெட்டிருவேன்," என்றான். காசில்டா அரைமனதாகத் தலையாட்டினாள்.

மரத்தை மிரட்ட ஒரு முறை இருக்கிறது. ஒருவர் கோடரியோடு பாய வேண்டும். இன்னொருவர் குறுக்கே நின்று மரத்துக்கு ஜாமீன் சொல்ல வேண்டும். மரத்தின் சொந்தக்காரி மட்டும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் எல்லாம் நாடகம் என்று மரம் கண்டுபிடித்துவிடும்.

கோடரிக்கு எலிசேயோ. ஜாமீனுக்கு நபோர். அவர்கள் மகளின் ஞானத்தகப்பன் என்பதால் நபோரால் மறுக்க முடியவில்லை; அந்த உறவில் அவனும் எலிசேயோவும் ஒருவருக்கொருவர் 'கொம்பாத்ரே'. அவன் மூன்று வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. மிச்சத்தையெல்லாம் அவன் மனைவி தோமாசா பேசிவிடுவாள்.

திருநாளன்று பூசை முடிந்ததும் அக்கம்பக்கத்தார் கொல்லையில் கூடிவிட்டார்கள்.

"ஏ உதவாக்கரை மரமே!" என்று எலிசேயோ பாய்ந்தான். "பதினோரு வருஷமா தண்ணி குடிச்ச, எருவைத் தின்ன. என்னத்தக் குடுத்த? இன்னைக்கு நீ அடுப்புக்குத்தான்!" கோடரியின் மழுங்கிய பக்கத்தால் ஓங்கி ஓர் அடி. இலைகள் உதிர்ந்தன.

எல்லோரும் நபோரைப் பார்த்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றினான். திரும்பவும் போட்டுக்கொண்டான்.

"சொல்லுங்க, கொம்பாத்ரே," என்று எலிசேயோ கிசுகிசுத்தான்.

"வெட்டாதீங்க," என்றான் நபோர்.

"ஏன் வெட்டக் கூடாது?"

நபோர் நன்றாக யோசித்தான். "தெரியல."

எலிசேயோவின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? ஜாமீன்காரருக்கே தெரியலயாம்!" கோடரியைத் திருப்பிப் பிடித்தான். இப்போது கூரான பக்கம் மரத்தைப் பார்த்தது.

காசில்டா சால்வையின் நுனியைக் கடித்துக்கொண்டு நபோரின் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"அது சும்மா நிக்கல!" என்று நபோர் அலறினான். "பாக்கத்தான் சும்மா நிக்கிற மாதிரி இருக்கும். காலைல எந்திரிக்கும்போதே, இன்னைக்கு எதாச்சும் பண்ணணும்னுதான் நெனைக்கும். அதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். அதுக்கு அது என்ன பண்ணும்? எந்நேரமும் திட்டிக்கிட்டே இருந்தா எப்படிக் காய்க்கும்? ஒரு நாளாச்சும் அதுகிட்ட, சாப்பிட்டியான்னு யாராவது கேட்டீங்களா?"

எல்லோரும் தோமாசாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெட்டுங்க, கொம்பாத்ரே," என்றாள் தோமாசா.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எலிசேயோ மட்டும் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோடரியைக் கீழே வைத்தான். "சரி, ஒரு வருஷம் பாக்கலாம்," என்றான்.

"காய்க்கும். நான் ஜாமீன்," என்றான் நபோர்.

டிசம்பரில் மரம் பூத்தது. ஜூனில் பதினான்கு காய்கள். பறித்துப் பழுக்கவைத்து, சான் யுவான் அன்று நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காசில்டா முதல் பழத்தை அறுத்தாள்.

மேல்தோல் செருப்பு மாதிரி இருந்தது. முக்கால்வாசி கொட்டை. காசில்டா கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இப்படி ஒரு ருசியை அவள் இதுவரை கண்டதில்லை. நல்லதா கெட்டதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"நனஞ்ச சோளத்தட்டை," என்றாள் தோமாசா.

"அப்போ வெட்டிரலாம்," என்றான் எலிசேயோ.

"காய்க்கும்னுதான் ஜாமீன் குடுத்தேன்," என்றான் நபோர். "நல்லா காய்க்கும்னு சொல்லல."

எலிசேயோ உப்பைத் தூவி, சோள ரொட்டியில் சுருட்டி, ஒரு பழத்தைத் தின்றான். "மோசம்," என்றான். இரண்டாவதைத் தின்றுவிட்டு, "படுமோசம்," என்றான். மூன்றாவதைத் தோமாசாவுக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்தான்.

"அப்போ மரம்?" என்று கேட்டாள் காசில்டா.

"இரு, அவசரப்படுத்தாத," என்றான் எலிசேயோ வாய் நிறைய. "அடுத்த வருஷமும் தின்னு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."