ஒத்துவராத இரண்டு எண்கள்

றெபேக்காவின் இரத்தம் மூன்றாவது தடவையும் அதே விடையைத்தான் தந்தது. ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் றுஷ்தா அந்த அறிக்கையை அனுப்பாமல் மேசையில் வைத்துக்கொண்டாள்.

றெபேக்கா தாழ்வுபாட்டுக் கடற்கரையில் கருவாடு போடுபவள். வயது முப்பத்திநான்கு. கழுத்து வீங்கியிருந்தது, நெஞ்சு ஓயாமல் படபடத்தது. தைரொயிட் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று, சுரப்பியை வெட்டி எடுக்க வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

தைரொயிட் ஹோர்மோன் கூடினால், அதைச் சுரக்கும்படி மூளையடியிலிருந்து வரும் டி.எஸ்.எச். என்ற தூண்டும் ஹோர்மோன் அடங்கிவிட வேண்டும். றெபேக்காவுக்கு ஹோர்மோன் இரண்டு மடங்கு. டி.எஸ்.எச். அடங்கவேயில்லை. இயந்திரத்தில்தான் பிழை இருக்கும் என்றார் கூட வேலை செய்யும் ஸப்ராஸ். றுஷ்தாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். அளவு தெரிந்த மாதிரியைப் போட்டுப் பார்த்தாள். இயந்திரம் சரியாகவே காட்டியது. வேறு வகை இயந்திரம் உள்ள இடத்துக்கும் இரத்தத்தை அனுப்பினாள். அங்கும் அதே எண்கள். இனி எண்களைச் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று றெபேக்காவைக் கூப்பிட்டாள்.

"இன்னும் எத்தனை தரம் குத்தப் போறீங்கள், மிஸ்?"

இன்றைக்கு ஊசி இல்லை என்றாள் றுஷ்தா. வீட்டில் வேறு யாருக்காவது கழுத்து வீங்கியிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

"அப்பாவுக்கு இருக்கு. ஆனா அவர் வருத்தக்காரன் இல்லை. இப்பவும் கடலுக்குப் போறார்."

"நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அக்கா."

மறுநாள் றெபேக்காவின் அப்பா அருட்பிரகாசம், படகு கரையேறியதும் இடுப்பில் நனைந்த சாரத்தோடு நேரே வந்தார். தனக்கு ஒரு நோயும் இல்லையென்று கதிரையில் உட்கார மறுத்தார். மகளின் கழுத்தை வெட்டாமல் இருக்க இது உதவலாம் என்று றுஷ்தா சொன்னதும் கையை நீட்டினார். அவருக்கும் இரண்டு எண்களும் அப்படியே இருந்தன.

அறிக்கைகளை எடுத்துக்கொண்டு அவள் வைத்திய நிபுணர் ஜுனைட்டிடம் போனாள். மூளையடியில் கட்டி இருந்தாலும் டி.எஸ்.எச். அடங்காதே என்றார் அவர்.

"தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரிக் கட்டி வராது, டொக்டர். இது பரம்பரை. ஹோர்மோனில குறை இல்லை, அதை வாங்கிற ஏற்பியிலதான் குறை."

ஜுனைட் இரண்டு தாள்களையும் திரும்ப வாசித்தார். பிறகு சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தொலைபேசி எடுத்து, மரபணுப் பரிசோதனை முடியும்வரை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

முடிவு வர நான்கு மாதம் எடுத்தது. றுஷ்தா சொன்னது சரி. ஜுனைட் றெபேக்காவை இருத்தி விளங்கப்படுத்தினார். உடம்பின் உயிர்க்கலத்தின் கருவுக்குள்ளே ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. ஹோர்மோன் வந்து அதில் பொருந்தினால், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது நிற்க வேண்டும் என்று அது பார்த்துக்கொள்ளும். அவளுக்கு அந்தப் புரதத்தின் ஒரு வகை பிறவியிலேயே சற்றுப் பிழை; ஹோர்மோனைச் சரியாகப் பிடிக்காது. அதனால் மூளை போதாது போதாது என்று கேட்கிறது, சுரப்பி வீங்கி வீங்கிச் சுரக்கிறது. இதயத்தில் இருப்பது பிழையில்லாத வேறு வகை. கூடிய ஹோர்மோனை அது முழுதாக வாங்கிக்கொள்வதால்தான் படபடப்பு.

றெபேக்கா கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப இது எனக்காகத்தான் வீங்கி நிக்குது."

"ஓம். அதை வெட்டத் தேவையில்லை, அப்படியே இருக்கட்டும்," என்றார் ஜுனைட். இதயத்துக்கு மட்டும் ஒரு சின்னக் குளிசை எழுதிக் கொடுத்தார். இரண்டு கிழமையில் படபடப்புத் தணிந்தது. அவள் மறுபடி கருவாடு காயும் பாயருகே நாள் முழுக்க நின்றாள்.

அடுத்த மாதம் தன் அண்ணன்மார் இருவரையும் ஓட்டோவில் ஏற்றி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தாள். மூத்தவருக்கும் அதே குறை இருந்தது, இளையவருக்கு இல்லை. தனக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று அவர் இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார்.