செத்துப்போன தொட்டி

நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் 'லேப் அக்கா'. ஊர்ச் சாக்கடை சுத்தமாகிவிட்டதா என்று அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாகச் சோதித்துப் பார்ப்பவள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் தண்ணீர் ஆற்றுக்குப் போகும்.

அன்று காலை அவள் காற்றூட்டும் தொட்டியை எட்டிப் பார்த்தாள். எப்போதும் பழுப்பாகக் கொப்பளித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அழுக்கைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்களில் ஒன்றுகூட அசையவில்லை. உள்ளே வருகிற தண்ணீரில் லிட்மஸ் தாளை நனைத்தாள். சிவந்தது.

"சார், தொட்டி செத்துப்போச்சு. யாரோ அமிலம் ஊத்தறாங்க, இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. ஆத்து மதகை மூடணும்."

பொறியாளர் நாற்காலியை விட்டு அசையவில்லை. "மழை வர்ற மாதிரி இருக்கு. எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும். நேத்து நம்பரையே எழுதிடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?"

"ரெண்டு கிலோமீட்டர் கீழே குடிதண்ணி எடுக்கறாங்க. உங்க வீட்டுக் குழாயிலயும் அதுதான் சார் வருது!"

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. தானே சக்கரத்தைச் சுற்றி மதகை மூடினாள். தண்ணீரை வெள்ளக் காலத்துக்கென்று இருந்த காலித் தொட்டிக்குத் திருப்பினாள். அது நிரம்ப ஆறு மணி நேரம் ஆகும்.

சாக்கடைக் குழிகளைத் திறந்து திறந்து 'மூடி' என்றே பெயராகிப்போன ஊழியரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு குழியிலும் அவர் கயிற்றில் புட்டியை இறக்கித் தண்ணீர் எடுக்க, அவள் தாளை நனைப்பாள். சிவப்பு போன வழியே இருவரும் போனார்கள். ஒரு தெருமுனையில் அவள் கால் தயங்கியது. அந்தத் தெருவில் இருந்தது ஒரே ஒரு பட்டறை. உலோகத்துக்கு முலாம் பூசுகிற பட்டறை. அவள் தம்பியுடையது.

"அக்கா! என்ன இந்தப் பக்கம்?"

அவன் முதுகுக்குப் பின்னால், நீலப் பீப்பாயிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தரைச் சாக்கடைக்குள் இறங்கியிருந்தது.

"என்னடா அது?"

"பழைய அமிலம். எடுத்துட்டுப் போற வண்டி வரல. சாக்கடைக்குத்தானே போகுது? சுத்தம் பண்ணத்தான் நீங்கல்லாம் இருக்கீங்களே!"

அவள் குழாயை உதைத்துத் தள்ளினாள். "நாங்க எங்கடா சுத்தம் பண்றோம்? கண்ணுக்குத் தெரியாத உயிரு எல்லாம் சேர்ந்து பண்ணுது. அத்தனையையும் கொன்னுட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறியா?"

"மெதுவா பேசுக்கா, ஆளுங்க பாக்கறாங்க. நீ மறைச்சா யாருக்குத் தெரியப்போகுது?"

காலையில் கேட்ட அதே பேச்சு. அவள் மூடியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அடைங்க" என்றாள். அவர் வெளியே போய்த் தெருக் குழிக்குள் கம்பை நீட்டி, பட்டறைக் குழாயின் வாயில் ரப்பர் அடைப்பைச் செருகிக் காற்றடித்து இறுக்கினார்.

அறிக்கையில் தம்பி பெயரையும் விலாசத்தையும் எழுதி, 'என் உடன்பிறந்தவர்' என்றும் சேர்த்தாள். பொறியாளர் கையெழுத்துப் போட மறுத்தார். அவள் தன் கையெழுத்தை மட்டும் போட்டு மேலே அனுப்பினாள்.

பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். பொறியாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. மதகை மூடுவதற்கு முன் போன தண்ணீரிலேயே ஆற்று வளைவில் மீன்கள் செத்து மிதந்தன. குடிநீர் எடுப்பது மூன்று நாள் நின்றது. பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து லாரி லாரியாக உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து கொட்டி, பத்தொன்பது நாள் கழித்துத்தான் தொட்டி பிழைத்தது.

பட்டறைக்குச் சீல் வைத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை தம்பி அம்மாவையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"கூடப்பிறந்தவனையே காட்டிக்கொடுத்துட்டே. இன்னையோட உன்னைத் தலைமுழுகிட்டேன்!"

"எந்தத் தண்ணியிலடா முழுகுவே? அந்த ஆத்துலயா?"

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அம்மா அவன் காரில் ஏறவில்லை. இவளையும் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கித் தனியாக நடந்து போனாள்.