வடக்குப் பாதைக்குச் சம்மதமில்லை

செங்காட்டுப்பாளையம் பேரூராட்சித் தலைவர் பாப்பம்மாளுக்கு யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற பழக்கம் கிடையாது. வெகுகாலமாக மாவு மில் நடத்துகிறவள். ராகி அரைக்க வருகிறவர்கள் மாவு குறைகிறதென்று அவளைச் சந்தேகப்படுவார்கள். கல்லும் மண்ணும் நீக்காமல் கொண்டுவந்து மிஷினைக் கெடுக்கிறார்கள் என்று அவள் அவர்களைச் சந்தேகப்படுவாள். அப்படியே பழகிப்போய், அந்தச் சந்தேகத்தின் மேலேயே ஊரில் அவளுக்கு ஒரு மரியாதையும் வந்திருந்தது. தேர்தலில் அவளுக்கு விழுந்த ஓட்டில் பாதி, பாப்பக்காவை எவனும் ஏமாற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டே போட்ட ஓட்டு.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் அது. கோவையைச் சுற்றியுள்ள ஊர்களை நகரத்தோடு சேர்க்கப் புறநகர் விரைவு ரயில் விடலாமா என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அதற்கென்று ஒரு குழு, குழுவுக்கு யோசனை சொல்ல ஒரு கம்பெனி. இரண்டு பாதை வரைந்திருந்தார்கள். வடக்குப் பாதை செங்காட்டுப்பாளையம் வழியாகப் போகும். பவுண்டரிக்கும் மில்லுக்கும் காலேஜுக்கும் போகிற சனம் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிற ரோடு அது. கிழக்குப் பாதை வெள்ளியம்பாளையம் வழி. அங்கே பாதி நிலம் பொட்டல். மீதி நிலத்தில் கல் நட்டு, கலர் கொடி கட்டி, மனை விற்றுக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாதையானாலும், வழியிலுள்ள உள்ளாட்சிகள் சம்மதம் தர வேண்டும் என்பது குழு வைத்த விதி.

இதைப் பேசி முடிக்கத்தான் மே மாதத்தில் தலைவர்களையெல்லாம் மூன்று நாள் குன்னூருக்கு அழைத்திருந்தார்கள். கோவையில் பேச இடமா இல்லை, எதற்கு மலையேற வேண்டும் என்று பாப்பம்மாள் முதல் கேள்வி கேட்டாள். கீழே வெயில் தாங்கலைங்க, அதுதான் என்றார்கள். மலைப்பாதையில் பர்லியார் தாண்டி வண்டிகள் நகராமல் நின்றபோது, கார் ஜன்னலை இறக்கிவிட்டு அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். வெயிலுக்காகவா இத்தனை செலவு செய்வார்கள்?

தங்குவதற்குக் கொடுத்திருந்தது ஒரு பழைய எஸ்டேட் பங்களா. சுற்றிலும் தேயிலை, பின்னால் சவுக்குத் தோப்பு. வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றார் கம்பெனி ஆள் கருணாகரன். நாற்பது வயதுக்குள் இருக்கும். குரல் உயராத மனிதர். "வாங்கம்மா, உங்களுக்குக் காரம் ஆகாதுன்னு சொன்னாங்க, தனியாச் சமைக்கச் சொல்லியிருக்கேன்," என்றார். தனக்குக் காரம் ஆகாது என்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று பாப்பம்மாள் அப்போதே மனதில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அன்று மத்தியானம் சுவரில் படம் காட்டினார்கள். வடக்குப் பாதை தடித்த சிவப்புக் கோடாகவும் கிழக்குப் பாதை மெல்லிய நீலக் கோடாகவும் இருந்தது. கருணாகரன் வடக்குப் பாதையைப் பற்றித்தான் புகழ்ந்து பேசினார். ஆள் போக்குவரத்து அதில்தான் அதிகம், டிக்கெட் வசூலாகும், ஏழை சனத்துக்கு உபகாரம் என்று அடுக்கினார். வெள்ளியம்பாளையத்துத் தலைவர் நல்லசாமி, தன் ஊருக்கு ரயில் இல்லை என்று சொல்லப்படுவதைக் கேட்டுக்கொண்டு, நிதானமாக வர்க்கி தின்றுகொண்டிருந்தார். பாப்பம்மாளுக்கு அதுவும் உறுத்தியது. தன் ஊர்க் காரியம் கைவிட்டுப் போகிறபோது எவனுக்காவது வர்க்கி இறங்குமா?

சாயங்காலம் சமையல்கட்டுப் பக்கம் போய், பங்களா யாருடையது என்று மெல்ல விசாரித்தாள். சமையல்காரர் செல்லக்கண்ணு எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். முதலாளி கீழே சமவெளிக்காரர் என்றும், நிலம் வாங்கி விற்கிற தொழில் என்றும், இங்கே வருஷத்துக்கு ஒரு தரம்தான் வருவார் என்றும், இந்தக் கூட்டத்துக்கு வாடகைகூட வாங்கவில்லை என்றும் சொன்னார். நிலம் வாங்கி விற்கிறவன் எதற்கு ரயில் குழுவுக்கு ஓசியில் இடமும் சோறும் கொடுக்கிறான்? அன்றிரவு கம்பளியைப் போர்த்துக்கொண்டு படுத்தவளுக்குக் குளிரை விட அந்தக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது.

மறுநாள் காலை எல்லோரையும் காட்சிமுனைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே நின்று பார்த்தால் சமவெளி முழுக்கத் தெரியும், இரண்டு பாதையும் எங்கே ஓடும் என்று கையாலேயே காட்டலாம் என்றார் கருணாகரன். ஜீப்பில் டிரைவர் ஹெர்பர்ட் பக்கத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார். பாப்பம்மாளை அவருக்கு நேர் பின்னால் ஏற்றினார்கள். மற்றவர்கள் வேறு வண்டியில் வந்தார்கள். மஞ்சு இறங்கி ரோட்டை மூடியிருந்தது. கன்னிமேரி சிலை வைத்த கெபி இருந்த ஒரு வளைவு திரும்பியதும் கருணாகரன் செல்போனை எடுத்துக் காதில் வைத்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குக் கேட்டது.

"வடக்கு முடிஞ்சுருமுங்க சார். நீங்க வாங்கிப் போட்ட எடம் ஸ்டேஷனை ஒட்டியே வருது. அந்தம்மாவா? அவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. ஊருக்கு ரயில் வருதுன்னா கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுருவாங்க."

பாப்பம்மாள் வெளியே பார்த்தபடி அசையாமல் இருந்தாள். முகமெல்லாம் சூடேறியது. பார், நான் நினைத்தது சரிதான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் கூடவே எழுந்தது. காட்சிமுனையில் மஞ்சைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கருணாகரன் வெண்மையைப் பார்த்துக் கைநீட்டி, அதோ உங்க ஊர் என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சம்மதம் கேட்டபோது அவள் எழுந்து நின்றாள். எங்கள் நிலத்தின் மேல் எவனோ ஒருத்தன் சம்பாதிப்பதற்கு நாங்கள் வழிவிட மாட்டோம், செங்காட்டுப்பாளையத்துக்கு இந்த ரயில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கருணாகரன் மட்டும், மறுபடி யோசிங்கம்மா, வடக்குப் பாதைதான் நல்ல பாதை என்று இரண்டு தரம் கெஞ்சினார். கெஞ்சக் கெஞ்ச அவளுக்குத் திடம் கூடியது. ஊருக்குத் திரும்பி, நடந்ததைச் சொல்லித் தீர்மானமும் போட்டாள். பாப்பக்கா மலைக்குப் போயும் ஏமாறாமல் வந்தாள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஸ்டேஷன் வருவதாகச் சொன்ன இடம் ஊருக்கு மேற்கே ஒரு சோளக்காடு. யார் வாங்கினார்களோ அவர்கள் இப்போது வயிறெரிவார்கள் என்று நினைத்து, ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது காட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாள். அவர் விழித்தார். தான் யாருக்கும் விற்கவில்லை என்றும், பக்கத்துக் காட்டையும் யாரும் கேட்டு வரவில்லை என்றும் சொன்னார். பொய் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஐப்பசியில் அவள் தம்பி மருதாசலம் புதுவீடு புகுந்தான். அவன் குன்னூரில் தேயிலை ஏல ஆபீசில் குமாஸ்தா. காட்சிமுனைக்குப் போகிற ரோட்டில் கொஞ்சம் இடம் வாங்கி வீடு கட்டியிருந்தான். விசேஷத்துக்கு முந்தின நாள் பாப்பம்மாள் வந்து இறங்கியதும் வேனில் கூட்டிப்போனான். வழியில் மில்லுக்குப் போன் போட்டுப் பெல்ட் மாற்றியாயிற்றா என்று கேட்கலாமென்று எடுத்தாள். போனில் சிக்னலே இல்லை. தம்பியின் போனை வாங்கிப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான்.

"இங்க எடுக்காதுக்கா," என்றான் மருதாசலம். "அந்த வளவு திரும்புனதுல இருந்து என்ற ஊட்டுக்குக் கிட்ட போற வரைக்கும் ஒரு கம்பெனிதும் எடுக்காது. டவர் போடச் சொல்லி நாங்களும் எழுதிக் குடுத்துட்டேதான் இருக்கறோம்."

"எப்ப இருந்து இப்படி?"

"எப்பவுமே இப்படித்தானுக்கா."

வளைவு எதுவென்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இடதுபுறம் அந்தக் கன்னிமேரி கெபி, எதிரே பாறையில் யாரோ எழுதிய கட்சிப் பெயர். அந்த இடம் தாண்டித்தான் கருணாகரன் போனைக் காதில் வைத்தார். மறுமுனையில் யாரும் இருந்திருக்க முடியாது. ஜீப்பில் தன்னை ஏன் அவருக்கு நேர் பின்னால் உட்கார வைத்தார்கள் என்பதும், மற்றவர்களை ஏன் வேறு வண்டியில் ஏற்றினார்கள் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஆள் கணக்கைப் பார்த்தால் வடக்குப் பாதைதான் ஜெயிக்கும். கிழக்கே மனை விற்கிறவர்களுக்காக அதைத் தட்டிக் கழிக்கக் கம்பெனிக்கும் வழியில்லை, குழுவுக்கும் வழியில்லை. செங்காட்டுப்பாளையமே வேண்டாம் என்று சொன்னால் மட்டும் வழி உண்டு. யார் வாயால் அதைச் சொல்ல வைப்பது என்று யோசித்தவர்களுக்கு அவளுடைய குணம் யார் மூலமோ தெரிந்திருக்கிறது. காரம் ஆகாது என்பது தெரிந்த மாதிரியே.

வேனை நிறுத்தச் சொன்னாள். பங்களாவுக்கு விடு என்றாள்.

அங்கே அன்றைக்கும் கூட்டம் இருந்தது. வேறு ஏதோ ஊர், வேறு ஏதோ திட்டம். சுவரில் படம் ஓடிக்கொண்டிருந்தது. கருணாகரன் வெளியே வந்து அவளைப் பார்த்ததும் அதே மாதிரி கும்பிட்டார். டீ கொண்டுவரச் சொன்னார்.

"அன்னிக்கு ஜீப்புல நீங்க யாருகூடப் பேசுனீங்க?" என்று கேட்டாள்.

அவர் மறந்துபோன மாதிரி நடிக்கவில்லை.

"நான் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலீங்களேம்மா."

"எங்கிட்டச் சொல்லல. எனக்குக் கேக்கறாப்பல சொன்னீங்க."

"கேட்டது நீங்க. வேண்டாம்னு முடிவு பண்ணுனதும் நீங்க. மூணு நாளும் வடக்குப் பாதைதான் நல்லதுன்னு நான் சொன்னேன். அது சத்தியமான வார்த்தைங்கம்மா. நீங்கதான் நம்பல."

டீ வந்தது. அதைக் கையில் வாங்கி, குடிக்காமல் சுவர் மேல் வைத்துவிட்டு வேனுக்கு நடந்தாள். தம்பி என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். புதுவீட்டில் பால் காய்ச்சியபோது எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மனமெல்லாம் படிக்கட்டில் தொங்குகிற சனத்தின் மேல் இருந்தது.

கீழே இறங்கியதும் அவசரக் கூட்டம் போட்டாள். முந்தின தீர்மானத்தை ரத்து செய்து, வடக்குப் பாதை வேண்டும் என்று குழுவுக்கு எழுத வேண்டும் என்றாள். உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மே மாசம் மலைக்குப் போய்வந்து வேண்டாமென்றீர்கள், இப்போது மலைக்குப் போய்வந்து வேண்டுமென்கிறீர்கள், இந்தத் தரம் யாரைப் பார்த்துவிட்டு வந்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தன் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் அவளும் அதைத்தான் கேட்டிருப்பாள். வளைவு, போன், டீ எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேருக்கு, இவள் யாரிடமோ காசு வாங்கிவிட்டாள் என்றுதான் பட்டது. எப்படியோ புதுத் தீர்மானம் தப்பிப் பிழைத்தது.

குழுவிடமிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது. முதல் கட்டத்துக்குக் கிழக்குப் பாதை ஏற்கப்பட்டுவிட்டது, வடக்குப் பாதை இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும். இரண்டாம் கட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் இடத்துக்கு, பவுண்டரி ஆட்களையும் காலேஜ் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே போக ஆரம்பித்தாள். சில வாரம் பத்துப் பேர் வருவார்கள். சில வாரம் அவள் மட்டும்தான்.

அப்படி ஒரு திங்கட்கிழமை, வரிசையில் நிற்கும்போது நல்லசாமி வந்தார். தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

"என்ற ஊருல ஏறறதுக்கு ஆளே இல்லீங்க," என்றார். "வெறும் கொடிதான் பறக்குது. வடக்கு மொதல்ல வரட்டும்னு நானும் எழுதிக் குடுத்தர்றேன். மனுவும் கொண்டாந்திருக்கறேனுங்க."

பாப்பம்மாள் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். குன்னூரில் இவருக்கு எல்லாம் தெரிந்திருந்ததா? மனை விற்கிறவர்களோடு இவருக்குப் பேரம் முறிந்துவிட்டதா? இல்லை, வேறு எவனாவது இவரை அனுப்பியிருக்கிறானா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வியர்த்திருந்தது, அவ்வளவுதான்.

வரிசை நகர்ந்தது. முன்னால் இருந்தவர் உள்ளே போனார்.

"சரி, வாங்க," என்று சொல்லி, அவருக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றாள்.